புதுப்பிப்பு: ஹற்றனில் பாதரசம் தேடியது

வீட்டுப் பரிசோதனைக்குக் கொஞ்சம் பாதரசம் எங்கே எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பாமசிகளில் இப்போது டிஜிட்டல் வெப்பமானிதான். பாதரசப் பாவனையைக் குறைக்க நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கை பாதரச வெப்பமானிகளுக்கு 2020 ஐ எல்லையாக வைத்ததே. கடைசியில் மாமா தன் பழைய காய்ச்சல் வெப்பமானியைத் தந்தார். அதற்குள் இருப்பது ஒரு கிராம் அளவுதான்.

உடைக்க மனம் வரவில்லை. சிதறினால் மணிமணியாகப் பலகை இடுக்கில் ஓடி ஒளிந்துவிடும், மலைக் குளிரிலும் நச்சு ஆவியாகும். ஒற்றை ஜன்னல் லயத்து அறையில் அதைச் சுவாசிப்பது பிள்ளைகள்தான். கூட்டுமாறால் பெருக்கினால் இன்னும் பரவும்.

சரி, திரவ உலோகத்தைப் பார்ப்பதுதானே ஆசை? அதற்கு காலியம் (gallium) என்ற உலோகம் போதும். 30 பாகையில், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும். கண்ணாடியில் பாதரசம்போல் உருளாது, அப்பிக்கொள்ளும். அப்புறம், வெப்பமானியை மூடிய போத்தலில் வைத்திருக்கிறேன். ஒப்படைக்க இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.