மலையகத்தில் ஜாஸ் இசைத்தட்டுகள்: உங்க கையில என்ன சிக்குச்சு?

ஹட்டன்:
எங்க பக்கம் ஜாஸ் தட்டெல்லாம் பங்களா வழியாத்தான் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும், ஊருக்குக் கிளம்புன துரைமார் பெட்டியில அடங்காததை விட்டுட்டுப் போனாங்க. பங்களாவில அப்புவா, அதாவது சமையல்காரரா, இருந்த தாத்தாவுக்குக் கிடைச்ச சாமான்கள்ல அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ ஒண்ணு. 1959இல் வந்த தட்டு.

அப்பா காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறவர். அதில உள்ள ‘டேக் ஃபைவ்’ ஓடுறப்ப கொஞ்ச நேரம் கேட்டுட்டு, மேசையில விரலால போட ஆரம்பிச்சார்: தகிட தக, தகிட தக. ஐந்து அட்சரத் தாளம். ஆனா அவரைப் பிடிச்சு இழுத்தது முதல் பாட்டுதான், ‘ப்ளூ ரொண்டோ அ லா டர்க்’. தக தக தக தகிட, ஒன்பது. மூணு தரம் அப்படியே வந்துட்டு, நாலாவது தரம் தகிட தகிட தகிட. “பாத்தியா, ஏமாத்திட்டான்!”னு ஒரே சிரிப்பு. அந்த ஒன்பதை புரூபெக் இஸ்தான்புல் தெருவில கேட்டுப் பிடிச்சது, 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில. அதே பயணத்தில இலங்கைக்கும் வந்திருக்கார். ஜாஸ் பழக்கமில்லாத வீட்டுக்கு முதல்ல வாங்க வேண்டியது இதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

நுவரெலியா:
இந்தக் குளிருக்குத் தட்டைவிட அதோட அட்டை உறைதான் முதல்ல போகுது, பூஞ்சணம் பிடிச்சு. சுவரை ஒட்டி அடுக்காதீங்க, நிமிர்த்தி வைங்க, உள்ளே இருக்கிற பழைய கடதாசி உறையை மாத்துங்க. சரி, விஷயத்துக்கு வாரேன்.

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் ப்ளூ’ எல்லாரும் சொல்றதுதான். என் தம்பி ஸ்கூல் பேண்ட்ல ட்ரம்பெட் ஊதுறவன். பழைய பதிப்போட சேர்ந்து ஊதினா முதல் பக்கம் ஒட்டவே ஒட்டாது, திருப்பிப் போட்டா ஒழுங்கா நிக்கும். கோளாறு ட்ரம்பெட்ல இல்ல. 1959 மார்ச் 2ஆம் திகதி பதிவு செஞ்ச நாடா இயந்திரம் மெதுவா ஓடினதால, அந்த நாடாவைச் சரியான வேகத்தில ஓட்டினப்ப முதல் பக்கத்து மூணு பாட்டும் தட்டில கொஞ்சம் வேகமா, சுருதி ஏறி ஒலிக்கும். 1992 மறுபதிப்பிலதான் சரி பண்ணினாங்க. கூட வாசிக்கிறவங்க திருத்தின பதிப்பை வாங்குங்க. சும்மா கேக்கிறவங்களுக்கு எதுவானாலும் ஒண்ணுதான்.

கண்டி:
யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன்: ஹார்ப் (யாழ் மாதிரி நரம்பு வாத்தியம்) வாசிக்கிற அலிஸ் கொல்ட்ரேனின் ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’, 1971. பெரியம்மா அட்டையைப் பாத்துட்டு, “யாரு, நம்ம கண்டி சுவாமியா?”ன்னு கேட்டாங்க. அவரேதான், சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில பிறந்து, ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடராகி, 1950களில் இலங்கைக்கு வந்து கண்டியில ஆச்சிரமம் நடத்தினவர். 1966இல் அமெரிக்கா போனார். 1969இல் அங்க நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடக்கி வைச்சதும் அவர்தான். கணவர், சாக்ஸபோன் கலைஞர் ஜோன் கொல்ட்ரேன், 1967இல் இறந்த பிறகு அலிஸ் இவரிடம்தான் போய்ச் சேர்ந்தாங்க. இந்தியாவுக்கும் சிலோனுக்கும் போகவிருந்த பயணத்தைப் பற்றி அட்டைக் குறிப்பிலேயே எழுதியிருக்காங்க.

முதல்ல தம்புரா. அதுக்கு மேல செசில் மெக்பீயின் பேஸ், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. பிறகு அலிஸின் ஹார்ப் அலையா வந்து விழும். பெரியம்மா கண்ணை மூடிட்டு இருந்தாங்க. ஃபரோவா சாண்டர்ஸ் சொப்ரானோ சாக்ஸபோனை எடுத்ததும் கண்ணைத் திறந்து, “தம்புரா சுத்தம். இந்த நாகஸ்வரக்காரர்தான் எங்கயோ போறார்”ன்னாங்க. எனக்கு அவர் போற இடம்தான் பிடிக்கும்! ஜோனின் ‘அ லவ் சுப்ரீம்’ தட்டையும் பக்கத்தில வைங்க; ஒண்ணு இல்லாம மற்றது விளங்காது.

பண்டாரவளை:
கண்டி அக்கா சொன்னது எனக்குப் புதுசு, தேடணும். ஆனா அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனை ஒருத்தரும் தொடலையே? 1963இல் ஆசியப் பயணத்தில கொழும்புக்கும் வந்து வாசிச்ச மனுஷன். அந்தப் பயணத்தை வைச்சு கூட இசையமைக்கிற பில்லி ஸ்ட்ரேஹோர்னோட சேர்ந்து எழுதினதுதான் ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’, 1967இல் வெளியானது. நம்ம ஊர் பேரில ஒரு பாட்டும் இல்லைங்கிறது எனக்குக் குறைதான். ஆனா அதில வர்ற ‘இஸ்ஃபஹான்’ல ஜொனி ஹொட்ஜஸ் சாக்ஸபோனை இழுக்கிற இழுப்புக்கு அதையும் மன்னிக்கலாம். யாரிடமாவது ரெண்டு பிரதி இருந்தா சொல்லுங்க, பதுளை பஸ்ஸில வந்து வாங்கிக்கிறேன்.