மண்டை போன தென்னையில் உட்காரும் பருந்து: படம் ஏன் மங்கலாகவே வருகிறது?

தக்கலைக்காரி (ஞாயிறு, காலை)

எல்லோருக்கும் வணக்கம். வீடு தக்கலைக்கு அருகில். பின்னால், மேற்குப் பக்கம், பக்கத்து வீட்டு மாமாவின் விளை (தோட்டம்). அதில் வண்டு துளைத்து மண்டை போன தென்னை ஒன்று வெறும் கம்பமாக நிற்கிறது. காலை ஏழு மணி வாக்கில் அதன் உச்சியில் ஒரு பருந்து வந்து உட்காருகிறது. காக்கையைவிடச் சிறியது. முதுகு சாம்பல் நிறம், நெஞ்சில் செம்பழுப்பில் நெருக்கமான குறுக்குக் கோடுகள். ஒரு மாதமாக அதைப் படம் எடுக்கப் பாடுபடுகிறேன்.

கேமரா கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறியது), 24 மெகாபிக்சல். லென்ஸ் 70-300 மி.மீ. ஜூம். மொட்டைமாடியிலிருந்து மரத்துக்கு 25 மீட்டர். லென்ஸை 300-இல் வைத்து, ஷட்டர் 1/1000, எஃப் 8. வெயில் என் முதுகுப் பக்கம்தான். இருந்தும் ஒரு படத்தில்கூடக் கண் கூர்மையாக இல்லை. எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி வழியே பார்த்தது போல இருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு கடையில் லென்ஸைக் காட்டினேன். உள்ளே பூஞ்சை, கழற்றிக் கழுவ வேண்டும் என்று 4,500 ரூபாய் கேட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது தொல்லை, மாடிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாலே அது பறந்துவிடுகிறது. பத்து நாளில் இரண்டு நாள்தான் உட்கார்ந்து தருகிறது.

குழித்துறை ஆற்றோரம்

லென்ஸ் முன்னால் ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்களா அக்கா? விலை குறைந்த ஃபில்டர் என்றால் முதலில் அதைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள்.

தக்கலைக்காரி

கழற்றிவிட்டேன் தம்பி. மயிரிழை முன்னேற்றம் இருக்கலாம், அவ்வளவுதான்.

உப்பளத்தான்

தங்கச்சி, கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பறவை. நீங்கள் சொல்வது வல்லூறு, வைரி என்றும் பெயர். எங்கள் பாட்டிக்கு வானத்தில் பறக்கும் கொக்கி மூக்கு எல்லாமே ‘பிராந்து’தான். குஞ்சுக் கோழி வளர்ப்பவருக்கு அந்த ஒரு பெயர் போதும், படம் எடுப்பவருக்குப் போதாது. செம்பருந்து வானத்தில் வட்டமிடும், காத்திருந்தால் தலைக்கு மேலேயே வரும். வல்லூறு மரத்துக்கு மரம் தாழப் பறந்து, இலை மறைவில் உட்கார்ந்து, ஓணானையும் குருவியையும் அடிக்கிற ஆள். அது உங்களைத் தேடி வராது. அது உட்காரும் இடத்தை நீங்கள்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த இடம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, பாதி வேலை முடிந்தது.

இனி கணக்கு. கிராப் சென்சாரில் 300-இல் 25 மீட்டர் தூரத்துக்குப் படத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டரைப் பிடிக்கும். வல்லூறின் நீளம் 30 சென்டிமீட்டர் சொச்சம். ஆக, படத்தில் ஆறில் ஒரு பங்குதான் பறவை. அதை வெட்டிப் பெரிதாக்கினால் சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும். இது உங்கள் லென்ஸின் குற்றம் இல்லை.

அப்படியும் எண்ணெய்க் கண்ணாடி என்கிறீர்களே, அது இடிக்கிறது. இரண்டு சோதனை செய்யுங்கள். வீட்டுச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, ஐந்து மீட்டரில் கேமராவை மேசைமேல் அசையாமல் வைத்து எடுங்கள். எழுத்து கூர்மையாக வந்தால் லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. பிறகு பறவை இல்லாத நேரத்தில் அந்தத் தென்னை உச்சியை, அதே காலை ஏழு மணிக்கு, தொடர்ச்சியாகப் பத்துப் படம் அடியுங்கள். பத்தும் ஒரே மாதிரி மங்கல் என்றால் ஃபோகஸ் அல்லது லென்ஸ். ஒரே திசையில் இழுத்தது போல இருந்தால் கை நடுக்கம். படத்துக்குப் படம் விளிம்பு வேறு வேறு விதமாக நெளிந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

படம்பிடிப்பான்

இவ்வளவு சோதனை எதற்கு? ஒரு கோழிக்குஞ்சின் காலில் நூல் கட்டி மாடிச் சுவரில் விடுங்கள். வல்லூறு ஐந்து மீட்டரில் வந்து நிற்கும். நான் அப்படித்தான் எடுத்தேன்.

வேளிமலைச் சாரல்

நீங்கள் எடுத்தது கோழிக்குஞ்சு சாகிற படம். நாளைக்கு அதே பறவை ஊரில் யார் வீட்டுக் குஞ்சுக்கு இறங்கினாலும் கல் விழப்போவது அதன்மேல்தான். அலைபேசியில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடும் யோசனையோடும் யாராவது வருவீர்கள், அதுவும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு வல்லூறு புகுந்துவிட்டது என்று நினைத்து அது வேட்டையை விட்டுவிட்டு அலையும்.

தக்கலைக்காரி (செவ்வாய், இரவு)

குஞ்சைக் கட்ட மாட்டேன், கவலை வேண்டாம்.

அண்ணாச்சி, இரண்டு சோதனையும் முடிந்தது. செய்தித்தாளில் வரி விளம்பரத்தின் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று வந்திருக்கிறது. தென்னையில்தான் வேடிக்கை. உச்சியில் ஒரு நார் நேராகத் துருத்திக்கொண்டிருக்கிறது. மூன்றாவது படத்தில் அது வளைந்திருக்கிறது, நான்காவதில் நேராகிவிட்டது, ஏழாவதில் இரண்டாகப் பிளந்தது போல இருக்கிறது. காற்று கொஞ்சமும் இல்லை.

இன்னொன்று, சொல்லலாமா என்று தெரியவில்லை. போன வாரம் மூன்று நாள் அடைமழை பெய்ததல்லவா? மழை விட்ட மறுநாள் காலை எடுத்த இரண்டு படம் மட்டும் தெளிவாக வந்திருக்கின்றன. வெளிச்சமே குறைவான நாள் அது.

உப்பளத்தான்

மாடிக்கும் தென்னைக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

தக்கலைக்காரி

எங்கள் மதில். அதற்கு அப்பால் மாமாவின் ரப்பர் ஷீட் புகை போடும் அறை. பிறகு விளைதான்.

உப்பளத்தான்

கூரை தகரமா?

தக்கலைக்காரி

ஐயோ! ஆமாம், தகரம். ஆனால் புகை தெற்கே போய்விடுமே, படத்தில் புகையே இல்லையே.

உப்பளத்தான்

புகையை விடுங்கள், சூட்டைப் பாருங்கள். காலையில் கதம்பையும் (தேங்காய் மட்டை) விறகும் போட்டுத் தீயைக் கிளறுவார்கள். தகரம் காயும். அதன்மேல் சூடான காற்று எழும்பிக் குளிர்ந்த காற்றோடு கலக்கும். இரண்டுக்கும் அடர்த்தி வேறு, அதனால் வெளிச்சம் வளைந்து வளைந்து வருகிறது. நடுப்பகலில் தார்ச்சாலைக்கு மேல் அலை ஆடுமே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தையும் 300 லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். உங்கள் பார்வைக்கோடு அந்தக் கூரையை உரசிக்கொண்டு போகிறது. எத்தனை விலை லென்ஸ் வாங்கினாலும் இதே கதிதான்.

மழையில் பால்வெட்டு இல்லை, ஷீட் இல்லை, தீயும் இல்லை. அந்தக் காலைப் படங்கள் தெளிந்ததற்கு அதுதான் காரணம். உங்கள் லென்ஸ் பிழைத்தது, 4,500 ரூபாயும் பிழைத்தது.

குழித்துறை ஆற்றோரம்

அண்ணாச்சி துப்பறியும் தொழிலுக்குப் போயிருக்கலாம்.

வேளிமலைச் சாரல்

அக்கா, அந்தக் கூரை குறுக்கே வராத இடம் ஏதாவது இருக்கிறதா? தரையில் இருந்தாலும் பரவாயில்லை.

தக்கலைக்காரி

கிணற்றடியில் மோட்டார் அறை இருக்கிறது. வடக்குப் பக்கம். சன்னலிலிருந்து பார்த்தால் தென்னை உச்சி சரிவாக 15 மீட்டர் இருக்கும். அறை முழுக்கச் சிலந்தி வலை.

வேளிமலைச் சாரல்

அது போதும். 15 மீட்டர் என்றால் படத்தின் அகலத்தில் கால் பங்கு பறவை, மாடியில் கிடைத்ததைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவான பரப்பு. சன்னலில் ஒரு பழைய சாரத்தை (லுங்கியை) தொங்கவிட்டு, லென்ஸ் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஓட்டை போடுங்கள். சன்னல் கம்பி இடைஞ்சல் செய்தால் லென்ஸைக் கம்பிக்கு ஒட்டிக் கொண்டுபோங்கள், படத்தில் கம்பி கரைந்துவிடும். முக்கியமான விஷயம், பறவை வந்த பிறகு நீங்கள் போகக் கூடாது. ஆறு மணிக்கே, இருட்டு பிரியும் முன், உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள். இதுவரை பறந்துபோனது உங்களுக்குப் பயந்து என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான். மோட்டார் அறைக் கதவின் கீலுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டுவிடுங்கள்.

கீழிருந்து எடுப்பதால் பின்னால் வெள்ளை வானம் வரும், பறவை கரிக்கட்டையாகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். அல்லது ஓரடி நகர்ந்து, அடுத்த தென்னையின் ஓலை பின்னணியாக விழும்படி பாருங்கள். எனக்கு ஓலைதான் பிடிக்கும்.

வருவதைக் காதால் அறியலாம். அணில் விடாமல் கீச்சிட்டால், கரிச்சான் மேலேயிருந்து பாய்ந்து பாய்ந்து விரட்டினால், ஆள் வந்தாயிற்று. ஆனால் கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே போலி செய்யும். நான் அரை மணி நேரம் ஒரு கரிச்சானுக்காகக் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பறக்கும் முன் பெரும்பாலும் எச்சமிடும், பிறகு உடம்பை முன்னால் சாய்க்கும். எச்சம் விழுந்ததும் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றிவிட்டு விரலைத் தயாராக வையுங்கள்.

தக்கலைக்காரி (அடுத்த ஞாயிறு)

கிடைத்துவிட்டது!

நான்கு நாள் கொசுக்கடி. மூன்று நாள் வரவே இல்லை. இன்று 6:50-க்கு அணில் கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் தென்னை உச்சியில் ஓணானோடு நிற்கிறது. ஓணானின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காலால் அமுக்கிக்கொண்டு, தலையை முதலில் பிய்த்தது. ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து சுற்றும் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருபத்தாறு படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கண் மஞ்சாடி முத்து மாதிரி சிவப்பு. தொண்டை நடுவில் ஒரு மெல்லிய சாம்பல் கோடு, இத்தனை நாள் அது இருப்பதே எனக்குத் தெரியாது. ஆறு படம் கூர்மை.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நம்ம குஞ்சு நாலைத் தூக்கினது இவன்தானா?” என்றார். ஓணானைக் காட்டினேன். “சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அந்தத் தென்னையை வெட்டி விறகாக்கும் எண்ணத்தில் இருந்தாராம்.

உப்பளத்தான்

கண் சிவப்பு என்றால் ஆண். பெண்ணுக்கு மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம் இருக்கும், உருவமும் பெரிது. ஒரு நாள் அதுவும் வரும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மார்ச் பிறந்ததும் அலகிலோ காலிலோ சுள்ளியோடு பறப்பதைக் கண்டால், அது எந்த மரத்துக்குப் போகிறது என்று பின்தொடராதீர்கள், படத்தை எங்கும் போடும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் விளக்கத்துக்குள்ளேயே பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது வருகிறது. பறக்கும் படத்துக்குக் கை அரிக்கிறது என்றால் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு வாருங்கள். படகு கரை சேரும் நேரத்தில் செம்பருந்துகள் மீன் குடலுக்கு இறங்கும், யாரையும் மதிக்காது. படத்தில் அவற்றின் வெள்ளைத் தலை வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தக்கலைக்காரி

வருகிறேன் அண்ணாச்சி. அதற்கு முன் ஒரு கேள்வி: மோட்டார் அறையில் கொசுவர்த்தி கொளுத்தினால் அந்தச் சூடும் படத்தில் தெரியுமா?

உப்பளத்தான்

லென்ஸுக்கு முன்னால் வைக்காதீர்கள். காலடியில் வையுங்கள்.