லாப்ரடார் நாயின் முழங்கால் ஜவ்வுக் கிழிவு: அறுவை முறை குறித்து ஆலோசனை வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். ஆறு வயதும் 36 கிலோ எடையும் உள்ள எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்குப் பின்னங்கால் முழங்காலின் முன் சிலுவை ஜவ்வு (கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்துவைப்பது) முழுவதும் கிழிந்திருப்பதாக மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். நிற்கும்போது விரல் நுனியை மட்டும் தரையில் வைக்கிறாள்; உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறாள்.

மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழையைக் கட்டி அசைவைக் கட்டுப்படுத்துவது ஒரு வழி. மற்றொன்று, அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் உருவாக்கி 1993இல் வெளியிட்ட டிபிஎல்ஓ (TPLO) என்னும் எலும்பு அறுவை முறை. இதில் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்துச் சுழற்றி, பல நாய்களுக்கு 25 டிகிரியை ஒட்டியிருக்கும் அதன் சரிவை ஏறத்தாழ 5 டிகிரிக்குக் குறைத்து, பிளேட்டும் திருகும் கொண்டு பொருத்துகிறார்கள். ஜவ்வைச் சீராக்காமலே, காலை ஊன்றும்போது கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாதபடி செய்துவிடுகிறார்கள். கால் ஊன்றும் விசையை அளக்கும் தட்டின்மேல் நடக்கவிட்டு இரு முறைகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில், டிபிஎல்ஓ செய்த நாய்களே மேலான நிலையில் இருந்தன. அவளுடைய எடையைப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. செலவுதான் யோசிக்க வைக்கிறது.

சென்னையிலோ பெங்களூரிலோ இந்த அறுவையைச் செய்துகொண்ட பெரிய நாய்களை வளர்ப்பவர்கள், மொத்தச் செலவையும், எலும்பு கூடும்வரையிலான முதல் இரண்டு மாதங்கள் ஓடாமல், படியேறாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். எங்கள் வீடு முழுவதும் வழுக்கும் டைல்ஸ் தரை என்பதால், எந்த விரிப்பு நழுவாமல் நிற்கும் என்பதையும் சொல்லுங்கள். மறுகால் ஜவ்வும் பின்னர் கிழிந்த அனுபவம் யாருக்கேனும் இருந்தால், எத்தனை மாதங்களில் அது நிகழ்ந்தது என்று குறிப்பிட வேண்டுகிறேன்.