மலமும் இரவு இரத்தமும் ஒரே சுற்றில்: வழி சொல்லுங்கள்

கொழும்பு மாவட்டத்தில் மட்டக்குளி, வெல்லம்பிட்டிப் பக்கம் குடற்புழுவையும் யானைக்கால் நோயையும் சேர்த்துக் கண்காணிக்கப் போகிறோம். இடிப்பது நேரம்தான். மலத்தை 41.7 மில்லிகிராம் அச்சில் அளந்து காட்டோ-காட்ஸ் சிலைட் (கிளிசரினில் ஊறிய செலோஃபேனால் மூடி, புழு முட்டைகளை எண்ணும் முறை) போட்டு, ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று அறிய எண்ணிக்கையை 24ஆல் பெருக்குகிறோம். ஆனால் கொளுக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓட்டைக் கிளிசரின் ஒரு மணித்தியாலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். பிந்திப் பார்த்தால் 'இல்லை' என்றே பதிவாகும். வட்டப்புழு முட்டைக்கு அந்தப் பயமில்லை.

யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் உலவும்; அதனால் இரத்தம் எடுப்பது இரவு 10 மணிக்குப் பிறகுதான். உடனே முடிவு தரும் துரிதப் பரிசோதனைப் பட்டி, யானைக்கால் புழுவின் இன்னொரு வகையான புரூஜியாவைக் காட்டாது, அதனால் 60 மைக்ரோலீட்டர் இரத்தத்தைச் சிலைட்டில் தடிப்பாகப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதைக் கைவிட முடியாது. 2016இல் யானைக்கால் நோய் ஒழிப்புச் சான்று கிடைத்த நாட்டில் இதைத் தவறவிடக் கூடாது.

இரவு போகும்போதே மலக் குப்பியைக் கொடுத்து, விடியவே திரும்ப வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை வீடுகள் தந்தன? கொலன்னாவைக்குக் கிட்ட காலை 7 மணிக்கு நுணுக்குக்காட்டியும் மேசையும் தரக்கூடியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.