ஓட்டுக்கூரைக்குள் மரநாய்: கூண்டு வைக்கலாமா?

மந்தைவெளி வாசி:
பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த மச்சு. ராத்திரி ஆனால் அதில் ஒரே தடதட ஓட்டம். எலி என்றார்கள். நேற்று டார்ச் அடித்தபோது பார்த்துவிட்டோம்: சாம்பல் உடம்பு, கறுத்த முகம், உடம்பு நீளத்துக்கு வால். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சப்போட்டாக் கொட்டை கலந்த எச்சம் வேறு. வீட்டுக்காரர் கூண்டு வைத்துப் பிடித்து வண்டலூர்ப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா?

குரோம்பேட்டை ரவுண்டானா:
அந்துருண்டை நாலைந்து போட்டு வையுங்கள். நெடி தாங்காமல் ஓடிவிடும்.

ஓட்டு மேஸ்திரி:
அந்துருண்டையை நம்பாதீர்கள். அந்த நெடியில் கீழே படுத்திருக்கும் உங்களுக்குத்தான் தலைவலி வரும்.

கூண்டும் வேண்டாம். மரநாய் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி. வனத்துறையைக் கேட்காமல் பிடித்தால் வழக்காகும். பழக்கமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் அது பிழைப்பதும் சந்தேகம். சந்து திறந்தே கிடந்தால் அடுத்த மரநாய் குடி வரும், அவ்வளவுதான். கிண்டிப் பூங்கா, ஐஐடி, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் என்று ஊர் நடுவிலேயே மரக்கூட்டம் இருக்கிறது. தென்னை, மதில், கேபிள் வயர் என்று தரையில் கால் வைக்காமலே தெருவைத் தாண்டிவிடும்.

அது வந்துபோகும் வாசலைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கைமரம் (ஓட்டைத் தாங்கும் சரிவுக் கட்டை) சுவரில் உட்காரும் இடத்துச் சந்து, இல்லையென்றால் கூரை உச்சியில் வேய்ந்த முகட்டு ஓடு நகர்ந்த இடம். விளிம்பு எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்து, நாலு முடி ஒட்டியிருக்கும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற சந்துகளைப் பகலிலேயே அடைத்துவிடலாம். பிறகு வாசலில் மாவு தூவுங்கள். இருட்டியதும் இரை தேடப் போகும். தடம் வெளியே போயிருக்கும் நேரத்தில்தான் அடைக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலிருந்து ஐந்து வரை போடும். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் மச்சிலேயே செத்து நாறும், தாய் ஓட்டைப் பிரிக்கும். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் அப்படி அவசரப்பட்டு அடைத்து, காலையில் முகட்டோடுகள் முற்றத்தில் கிடந்தன. திரும்ப வேய்ந்த கூலி எனக்கு வந்தது, அது வேறு விஷயம். குட்டிகள் தாயோடு கிளம்பும் அளவுக்கு வளரும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

அடைக்க அரை அங்குலக் கண்ணி வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), வாஷர் வைத்து மரத்தில் ஸ்க்ரூ. கொசுவலையும் சாக்கும் ஒரு ராத்திரிக்குத் தாங்காது. ஓட்டைத் தொடும் கிளை இருந்தால் கழித்துவிடுங்கள்.

மந்தைவெளி வாசி:
வாசல் கிடைத்துவிட்டது, நீங்கள் சொன்னபடியே பிசுக்கும் முடியும். மாவில் வெளியே போன தடம் இருக்கிறது. உள்ளே சத்தமில்லை. இன்றைக்கே அடைத்துவிடவா? மெஷ் செலவு யார் தலையில்?

ஓட்டு மேஸ்திரி:
இன்றைக்கு வேண்டாம். தாய் இல்லாதபோது குட்டிகள் சத்தம் போடாமலும் கிடக்கும். மச்சுப் பலகையில் ஒன்றைக் கழற்றி, மூலைமூலையாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடையுங்கள். எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. கூரை வேலை வீட்டுக்காரர் பாடு; ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளக் கேளுங்கள். கூண்டுக்கு எடுத்து வைத்த பணம் அவரிடம் இருக்குமே.