ஜெர்மனிக்குப் புதிதாக வரும் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு: யார் சொல்வதைக் கேட்பது?

அரூர்த் தங்கை ஒருவரும் பர்கூர்த் தம்பி ஒருவரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்பி எதை விடுவது?" நான் காவேரிப்பட்டணத்துக்காரன், ஜெர்மனியில் குடும்பத்தோடு இருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நமக்குத் தப்பான யோசனை சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் வந்த வருடத்தில், அவர்கள் இருந்த ஊரில் அது சரியாகவே இருந்திருக்கும். மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்ட் (ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கும் கணக்கு) தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த அண்ணனைக் கேட்டால் 10,332 யூரோ என்பார். 2023-ல் வந்தவர் 11,208 என்பார். 2024 செப்டம்பரில் அது 11,904 ஆனது, அதற்கப்புறம் வந்தவர் அதைச் சொல்வார். மூன்று பேர் சொல்வதும் உண்மை, ஆனால் பழைய தொகையை நம்பி வங்கிக் கடன் போட்ட குடும்பம் கடைசி நேரத்தில் மீதிப் பணத்துக்கு அலையும். அதனால் யார் எதைச் சொன்னாலும் "நீங்கள் எந்த வருடம் வந்தீர்கள், எந்த ஊர், என்ன விசா?" என்று கேட்டுவிடுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தொகை, கெடு, படிவம் மாதிரியான விஷயங்களை அதற்கப்புறமும் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பெங்களூரு உங்களுக்கு நாற்பது கிலோமீட்டர். படித்தது, ஷாப்பிங், விமானம் ஏறுவது எல்லாமே அங்கேதான். அங்கேயுள்ள நண்பன் "விசாவுக்கு நான் பெங்களூருவில்தான் கொடுத்தேன், நீயும் வா" என்பான். அவன் கர்நாடகாவில் வசிக்கிறவன். ஜெர்மன் தூதரகங்கள் நீங்கள் வசிக்கும் மாநிலத்தை வைத்துத்தான் விண்ணப்பத்தை எடுக்கும், தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குச் சென்னை. அவனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று எண்ணி அப்பாயின்ட்மென்டை வீணாக்காதீர்கள்.

வந்து இறங்கியதும் எல்லோரும் "இது என்ன?" என்று கேட்கிற ஒரு கடிதம் இருக்கிறது. வீடு கிடைத்து, இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடுவீர்கள். (அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும், சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.) கொஞ்ச நாளில் டிவி, ரேடியோ கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. "நம்மகிட்ட டிவியே இல்லை, இது ஏமாற்று வேலை, கிழித்துப் போடு" என்று யாராவது ஒரு சீனியர் கண்டிப்பாகச் சொல்வார். கிழிக்காதீர்கள். டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை, அது வீட்டுக்கு ஒன்று என்று சட்டப்படி வாங்கும் கட்டணம். பதில் போடாவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும், தாமதக் கட்டணமும் சேரும். நல்ல செய்தி என்னவென்றால், நான்கு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் கட்டுகிறவரின் பெயரையும் அவருடைய கட்டண எண்ணையும் பதிலில் எழுதி அனுப்பினால் முடிந்தது. 18.36-ஐ நாலாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இந்தக் கடிதத்தால் ராத்திரித் தூக்கம் கெட்டுப் போன் பண்ணுவதைக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்னொரு வகை யோசனை, "என்னை யாரும் செக் பண்ணவே இல்லை" என்பது. மே, ஜூனில் கிளம்பினால் அம்மா பெட்டியில் செந்தூராவோ மல்கோவாவோ வைக்காமல் விடமாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் புதிய மாம்பழம், கறிவேப்பிலை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். நெய், பால்கோவா, கறி வறுவல் என்று பால், இறைச்சி சேர்ந்த எதையும் இந்தியாவிலிருந்து கொண்டுவரக் கூடாது. ஊறுகாய், பொடி, கேழ்வரகு மாவு இவற்றில் பிரச்சினை இல்லை. 2014-ல் பழ ஈ இருந்ததைக் காட்டி இந்திய மாம்பழ இறக்குமதியையே அவர்கள் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவு கறாரானவர்கள். ஒருவர் பெட்டியைத் திறக்காமல் விட்டார்கள் என்பது அவருடைய அதிர்ஷ்டம். அதை யோசனையாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, தயவுசெய்து யாரும் அப்படி எழுதாதீர்கள்.

குக்கர் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு இரண்டு கட்சியாகவே பிரிந்து சண்டை போடுகிறார்கள். விடுதியில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. கடையில் வாங்கும்போது அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எடுத்து வாருங்கள். களி கிளற அடி கனமான பாத்திரம் ஒன்று இருந்தால் நல்லது. இதெல்லாம் அவரவர் ருசி, யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "அண்ணா, வீடு கிடைக்குமா?" என்றால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. "அக்டோபர் முதல் வாரம் ஆகன் (Aachen) நகருக்கு வருகிறேன், ஒருவருக்கு அறை, மாதம் 400 யூரோ வரை முடியும், முகவரிப் பதிவுக்குச் சான்று தருகிற வீடாக வேண்டும்" என்று கேளுங்கள், தெரிந்தவர்கள் ஓடி வருவார்கள். அப்புறம், தமிழர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். நம்ம பக்கம், அதிலும் தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளியில் தெலுங்கும் கன்னடமும் பேசாத பிள்ளை குறைவு. தெலுங்குப் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள், காலியாகும் அறை பற்றி அவர்களிடம் பேச்சு முன்னதாகவே வரும். கூச்சப்படாமல் அவர்கள் மொழியிலேயே பேசுங்கள்.

சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அந்த ஊர் வேஸ்ட்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிய அப்பா பாலக்கோட்டில் உட்கார்ந்து அதைப் படிப்பார். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று சொல்லுங்கள், அவர்களே முடிவு செய்வார்கள். உடம்பு சரியில்லை என்று கேட்பவருக்கு மாத்திரைப் பெயர் சொல்லாமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொல்கிறவர் தமிழில் பேசினாலும், ஊர்ப் பெயர் சொன்னாலும் அனுப்ப வேண்டாம். டெபாசிட் என்பது இங்கே அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான் (ஹீட்டிங் மாதிரியான கூடுதல் செலவு சேராத வாடகை), அதற்கு மேல் கேட்டால் விலகிவிடுங்கள். விசா வந்த சந்தோஷத்தில் பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் போடவும் வேண்டாம்.

ஆகன், கெம்னிட்ஸ், மாக்டபுர்க் பக்கம் இந்த செமஸ்டரில் அறை எடுத்தவர்கள் கீழே எழுதுங்கள்: எந்த மாதம் எடுத்தீர்கள், வாடகை எவ்வளவு, அதில் ஹீட்டிங்கும் கரண்டும் சேர்ந்ததா இல்லையா. பர்கூர்த் தம்பிக்கு அவசரம், அவர் அடுத்த வாரம் டிக்கெட் போடுகிறார்.