பித்தப்பை அறுவை: மயக்க மருந்து கொடுப்பவர் மருத்துவர் இல்லையாம், ஒத்துக்கொள்ளலாமா?

சோளக்காட்டான்:
அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 25 படுக்கைகள் கொண்ட ஒரு சிற்றூர் மருத்துவமனையில் வரும் வியாழக்கிழமை என் பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள். நேற்று ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, தான் நர்ஸ் அனஸ்தடிஸ்ட், அதாவது மயக்கம் கொடுக்கப் படித்த செவிலி என்றும் தானே எனக்கு மயக்க மருந்து கொடுக்கப் போவதாகவும் சொன்னார். பிறகு, "உங்கள் இரத்த உறவில் யாருக்காவது மயக்கத்தில் இருந்தபோது திடீரென்று கடும் காய்ச்சல் வந்ததா? யாராவது இறந்ததுண்டா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே பாதி மயக்கம். தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னது பெரிய தப்பு. "நர்ஸம்மாவா மயக்க ஊசி போடுவது? டிக்கெட் எடுத்து இங்கே வந்துவிடு" என்று மூன்று முறை அழைத்துவிட்டார். இந்த மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர் என்று ஒருவருமே கிடையாதாம். இது முறைதானா?

நாஞ்சில்_செவிலி:
தம்பி, நான் பார்ப்பதும் அந்த வேலைதான். அம்மாவின் பயம் நியாயமானது. நம் ஊரில் நர்ஸ் என்றால் ஊசி போடுபவர், டிரிப் மாற்றுபவர். மயக்க மருந்தை மருத்துவர் மட்டுமே கொடுப்பார். அமெரிக்காவில் கதை வேறு. மின்னசோட்டாவில் அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களின் அறுவை அரங்கில் மயக்கம் கொடுத்த ஆலிஸ் மகாவ் ஒரு செவிலிதான். 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மயக்கம் கொடுத்ததில் அதனால் ஓர் உயிரும் போகவில்லை என்று 1906-இல் எழுதினார். அன்று கையில் இருந்தது ஈதரும் குளோரோபாமும்தான். இன்றைய கருவிகளில் ஒன்றுகூடக் கிடையாது.

என் பாதையைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. நர்சிங், சென்னையில் மூன்று ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு டெக்சாஸில் இதய அறுவை முடிந்து வருபவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டு. ஓராண்டாவது அப்படி வேலை பார்க்காதவர்களை இந்தப் படிப்புக்குச் சேர்க்க மாட்டார்கள். வென்டிலேட்டரையும் இரத்த அழுத்த மருந்துகளையும் இரவு பகலாகக் கையாண்ட பழக்கம் முதலில் வேண்டும். பிறகு 28 மாதம் படிப்பு. அந்தக் காலத்தில் வேலைக்குப் போக முடியாது. வீட்டுச் சேமிப்பு முழுவதும் கரைந்தது. 2016-இல் தேசியத் தேர்வுக்கு உட்கார்ந்தபோது பயிற்சியில் நான் மயக்கம் கொடுத்தவர்கள் என்று என் பதிவேட்டில் 870 நோயாளிகள் இருந்தார்கள். 2022 முதல் சேர்பவர்கள் முனைவர் பட்ட அளவில்தான் படிக்க வேண்டும். நான் அதற்கு முன்பே தப்பித்தவள்.

டெக்சாஸில் குழுவாக வேலை செய்தோம். ஒரு மயக்கவியல் மருத்துவர் ஒரே நேரத்தில் நான்கு அரங்குகள் வரை பார்த்துக்கொள்வார். ஒவ்வோர் அரங்கிலும் நோயாளியின் தலைமாட்டில் எங்களில் ஒருவர் இருப்போம். இப்போது இருப்பது உங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரில். நாங்கள் இரண்டே பேர், முறை வைத்து இரவுப் பணி. பிரசவ வலிக்கு எபிடியூரல் என்ற முதுகு ஊசி, இடுப்பு எலும்பு முறிவுக்கு ஸ்கேன் பார்த்து நரம்பை மரத்துப்போகச் செய்வது, எல்லாம் எங்கள் கையில். மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் விதிப்படி எங்களுக்கு ஒரு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். மாநில ஆளுநர் கடிதம் எழுதி அதிலிருந்து விலகலாம். 2001-இல் முதலில் விலகிய மாநிலம் உங்கள் ஐயோவாதான்.

அந்தக் காய்ச்சல் கேள்விக்கு வருகிறேன். பரம்பரையாக வரும் அரிய கோளாறு ஒன்று உண்டு. சில மயக்க வாயுக்களும் சக்சினைல்கோலின் என்ற ஊசியும் பட்டால் தசை இறுகி உடல் கொதிக்கும். அதற்கு டான்ட்ரோலின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் அந்த மருந்துகளைத் தொடாமலே மயக்கம் கொடுத்துவிடலாம். உங்களைப் பயமுறுத்திய கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மலைக்கோட்டை_மருத்துவர்:
ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவன். எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மூன்று ஆண்டு எம்.டி. படித்தவர்களே சில இரவுகளில் வியர்த்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். சகோதரியின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. மயக்கம் கொடுப்பதைப் பழகிவிடலாம்; இந்த நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பது மருத்துவம் அல்லவா? என் வீட்டாருக்கு என்றால் மருத்துவர் இருக்கும் ஊரைத்தான் தேடுவேன்.

நாஞ்சில்_செவிலி:
ஐயா, அந்த முடிவுதான் வேலையில் பாதி என்பதில் உங்களோடு நிற்கிறேன். போன மாதம் எழுபது கடந்த விவசாயி ஒருவர் குடலிறக்க அறுவைக்கு வந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கரகரவென்று ஒரு முணுமுணுப்பு. மாடிப்படி ஏறினால் தலைசுற்றுகிறது என்றார். இதய வால்வு சுருங்கியிருந்தால் முதுகில் போடும் ஊசியே இரத்த அழுத்தத்தைக் கவிழ்த்துவிடும். அறுவையை நிறுத்தி, எக்கோ எடுக்க நகரத்துக்கு அனுப்பினேன். அறுவை மருத்துவருக்குக் கோபம். அன்று மதியம் என்னோடு பேசவே இல்லை. எங்களில் எல்லோரும் இப்படி மறுப்பார்களா என்றால், மாட்டார்கள். நகரத்து மருத்துவர்களிலும் அப்படித்தான் ஐயா.

சோளக்காட்டான், உங்களுக்கு வயது என்ன, வேறு நோய் உண்டா?

சோளக்காட்டான்:
38. வேறு நோய் இல்லை. குறட்டை மட்டும் உண்டு. மனைவி அடுத்த அறையில்தான் தூங்குகிறாள்.

நாஞ்சில்_செவிலி:
அந்தக் குறட்டையை, உங்களை அழைத்த நர்ஸ் அனஸ்தடிஸ்ட்டிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றே அழைத்துச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள். வலிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதும், முடிந்தபின் எவ்வளவு நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள் என்பதும் அதனால் மாறும். ஆடுகிற பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்னொரு கேள்வி: "மூச்சுக்குழாய் வைக்கச் சிரமமானால் உதவிக்கு யார் வருவார்?" தயங்காமல் கேளுங்கள். என்னிடம் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

சோளக்காட்டான்:
சொல்லிவிட்டேன் அக்கா. கால் மணி நேரம் குறட்டையைப் பற்றியே விசாரித்தார். கடைசியாக ஒன்று: அன்று காலை ஒரே ஒரு வாய் பில்டர் காபி?

நாஞ்சில்_செவிலி:
பால் கலந்தால் அது எங்கள் கணக்கில் சாப்பாடு, ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். பால் இல்லாத காபிக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனாலும் உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதுவே முடிவு. அம்மாவின் டிகிரி காபி வியாழக்கிழமை வேண்டாம்.